பத்தொன்பது தலையாட்டல்கள்

ஜூலை 2
விடுதி, இரண்டாம் மாடி

இதனால் அகில உலக ஆசிரியப் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: பயிற்சிக் கூடத்தில் மாதிரி மாணவர் அமரும் முக்காலிக்கு இன்று காலை பத்தேகால் மணிக்கு மெத்தை தைக்கப்பட்டது. நிறம் பச்சை. உள்ளே பஞ்சு இருப்பதாக நம்பப்படுகிறது. முதல் அமர்வை அடியேனே நிகழ்த்தி வைத்தேன். விழாவில் கைதட்டல் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டிருந்தால் அதுதான் செய்தி.

அன்புள்ள கொண்டைப் பென்சில் அக்கா,

புதுப் பள்ளிக்கூடத்தில் உங்களை ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்களாக இருக்கும். இங்கே இன்னும் யாராவது கொண்டைக்குள் பென்சில் செருகுவதுபோல் கையைக் காட்டினால் அது நீங்கள்தான். ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினால் அது நான். வீட்டில் வைத்த பெயரைக்கூட மாற்றிக்கொள்ளலாம், காது கேளாத எங்கள் கூட்டம் கையால் வைத்த பெயரை மாற்ற முடியாது. எங்கே போனாலும் உங்கள் தலையில் பென்சில் குத்தியிருக்கும்.

நீங்கள் போன பிறகு ஐந்து புதுப் பயிற்சி டீச்சர்கள் வந்திருக்கிறார்கள். சடங்கு மாறவில்லை. எனக்கு எதிரே டீச்சர், நடுவில் ஆங்கிலப் பாடம், மூலையில் காமிரா. அவர் பாடத்தைச் சைகை மொழியில் சொல்லி, அதையே ஆங்கில எழுத்தில் காட்டி, இரண்டையும் என் மண்டைக்குள் முடிச்சுப் போட வேண்டும். நான் தலையாட்டினால் முடிச்சு விழுந்தது என்று பொருள். பெரிய டீச்சர் தாளில் டிக் போடுவார். இதுவரை நான் தலையாட்டித் தேற்றிய டீச்சர்கள் பத்தொன்பது பேர். ஊரில் எல்லாரும் டீச்சரிடம் பாஸ் வாங்குவார்கள். என்னிடம் டீச்சர்கள் பாஸ் வாங்குகிறார்கள்.

இந்தப் பதவி ஏன் எனக்கு என்று ஒரு புதியவர் கேட்டார். "எட்டு வயசுல ஒரு காய்ச்சல் வந்து காதைத் தூக்கிட்டுப் போச்சு. வாயை மறந்துட்டுப் போயிடுச்சு. அந்த ஞாபக மறதிதான் என் மூலதனம்" என்று சொன்னேன். அதற்குள் தமிழ் உள்ளே குடியேறிவிட்டது. சைகை இங்கே வந்தபின் வந்தது. ஆகவே பள்ளியிலேயே கெட்டிக்காரன், பரீட்சைக்குப் பரீட்சை முக்காலி.

செவ்வாயும் வியாழனும் என்னை வகுப்பிலிருந்து தூக்கிப்போய் அங்கே வைத்துவிடுகிறார்கள். கதவை வெளிப்பக்கம் பூட்டுகிறார்கள், நடுவில் யாரும் நுழையக் கூடாதாம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. நல்லவேளை, மெத்தை வந்தது.

இன்னொரு பெருமை. உங்கள் பாடம் பதிவான படத்தைத்தான் இப்போது எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். நாம் இரண்டு பேரும் நட்சத்திரங்கள். வாழ்த்துகளை வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
முக்காலிப் பெருமான்,
சிமிட்டி

*

ஜூலை 9

தம்பி சிமிட்டி,

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில், நான் ஏன் கைப்பேசியில் கேட்காமல் தபாலில் கேட்கிறேன் தெரியுமா? அங்கே கேட்டால் குரங்குப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். தாளில் நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

என் வகுப்பறை ஒரு கிடங்கின் மேல்மாடி. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பிள்ளைகள் ஓடிவிடக் கூடாதென்று படிக்கட்டுக் கதவை மாலை நாலு மணிவரை பூட்டி வைக்கிறார்கள். சாவி காவலாளியிடம். நானும் உள்ளேதான். இரண்டு வருடம் வேறெங்கும் போவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காது கேளாத ஏழு பிள்ளைகள். ஒன்பது, பத்து வயது. உன்னோடு நடத்திய அதே ஆறு வரிப் பாடம்தான், பஸ்ஸில் குடையை விட்டுவிட்ட மனிதர் கதை. உன்னிடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. இங்கே மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேரும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற அந்தச் சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் இருபதுக்குள் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ‘வாசிப்பு’ அல்லது ‘கைவேலை’. கைவேலை என்று எழுதினால் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை கையில் யாரும் புத்தகம் கொடுக்க மாட்டார்கள். எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டேன். "மாதிரிப் பாடம் இருக்கே, அந்த அளவுதான்" என்றார்கள். அது நீயும் நானும் இருக்கிற படம்.

ஆகவே கேட்கிறேன். மார்ச் மாதம் அந்த முக்காலியில் உட்கார்ந்து தலையாட்டினாயே, நிஜமாகவே புரிந்ததா? கோளாறு என் கையிலா, இவர்கள் தலையிலா?

உண்மையை மட்டும் எழுது. ஜோக் வேண்டாம். சரி, ஒன்று வைத்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

அனுமதித்த ஒரு ஜோக்கை முதலிலேயே செலவழித்துவிடுகிறேன். எங்கள் விடுதியில் மணிக்குப் பதில் விளக்குதானே? வெள்ளை என்றால் சாப்பாடு, சிவப்பு என்றால் தீ. சென்ற சனிக்கிழமை வெள்ளை விளக்கில் நான் ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினேன். நூற்றுப் பத்துப் பேர் சோப்பு நுரையோடும் ஒற்றைச் செருப்போடும் மைதானத்தில். வார்டன் போர்வையோடு வந்தார். உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தண்டனை: இரண்டு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வாசல் சீட்டு கிடையாது. உங்களுக்கு நாலு மணிக்காவது கதவு திறக்கிறது. எனக்குச் செப்டம்பரில்தான்.

இப்போது விஷயம். என்ன அக்கா இப்படிக் கேட்டுவிட்டீர்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீங்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், ஆட்டத்தைப் பார்த்தவனின் கண் கோணலா என்று கேட்கிறீர்கள்.

புரிந்தது. முழுக்கப் புரிந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை, பன்னிரண்டிலேயே முடிந்துவிட்டது. மீதி எட்டு நிமிடம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெரிய டீச்சர் முன்னால் கதையை நானே சைகையில் திருப்பிச் சொன்னேனே, மறந்துவிட்டீர்களா? புரியாதவன் சொல்ல முடியுமா?

உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஒருவேளை கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். எல்லாருக்கும் என் மண்டை அமையுமா?

கவலையை விடுங்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் நட்சத்திரம்,
சிமிட்டி

*

ஜூலை 23

சிமிட்டி,

உன் பதில் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. என் கை சரிதான் என்று ஒருவன் சொல்லிவிட்டான், அதுவும் காது கேட்காதவன், அதுவும் நீ.

படிவத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்டேன். ஏழு பேருக்கும் கைவேலை. இருபதாம் தேதி அதன்மேல் பேனாவை ஓட்ட வேண்டியதுதான்.

நேற்று அவர்களைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீளமான மேசை. பெரிய பையன்களும் பெண்களும் அட்டையை மடித்துக் கோப்பு உறை செய்கிறார்கள். மடிப்பு, பசை, அடுக்கு. மடிப்பு, பசை, அடுக்கு. யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேச வேண்டிய கைகள்தானே வேலை செய்துகொண்டிருக்கின்றன. மேற்பார்வையாளருக்குச் சைகை தெரியாது. மேசையைத் தட்டுகிறார், அதிர்ந்தால் நிமிர்கிறார்கள். ஒவ்வோர் உறைமேலும் ஆங்கிலத்தில் ஏதோ அச்சாகியிருக்கிறது. மடிக்கிற ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பாவாடைச் சட்டையில் பெரிய பை இருப்பதால் மற்றவர்கள் அவளுக்குச் ‘சட்டைப்பை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழு பேரில் அதிகம் பேசுகிற கை அவளுடையது. மேசையைப் பார்த்தாள். மேற்பார்வையாளரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டாள். மேலே வந்தும் எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை.

மந்தம் என்று நீ எழுதிய சொல்லைப் படிவத்தில் குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு நல்ல சொல் ஏதாவது இருந்தால் சொல்லு.

அக்கா

*

ஜூலை 28

அக்கா,

அந்தச் சொல்லை அழியுங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால், இப்போதே. ரப்பர் இல்லாவிட்டால் எச்சிலைத் தொட்டு அழியுங்கள்.

அழித்தாயிற்றா? சரி. இப்போது திட்டலாம்.

உங்கள் கையில் ஒரு குறை இருக்கிறது. மார்ச் மாதமே தெரியும். முதல் நிமிடத்திலேயே தெரியும். நீங்கள் இடது கையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சைகை செய்கிறீர்கள். நான் புத்தகத்தைப் பார்த்தால் கை ஓடிவிடுகிறது. கையைப் பார்த்தால் புத்தகம் திரும்பிவிடுகிறது. காது கேட்கிறவர்களுக்கு அது பழக்கம். கண் பாட்டுக்கு எழுத்தில் இருக்கும், காது பாட்டுக்கு டீச்சரைக் கேட்கும். எங்களுக்கு அந்த வேலைக்கும் கண், இந்த வேலைக்கும் கண். ஒரு வேலைக்காரனை இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அவன் வாசலிலேயே நிற்பான். உங்கள் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். சுவரைப் பார்ப்பதுபோல் என்று எழுதியிருந்தீர்களே, அது அதுதான்.

பயிற்சி டீச்சர்கள் பத்தொன்பது பேரில் பதினாறு பேர் இதையே செய்தார்கள். காது உள்ளவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி.

மருந்து இது. புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். அவர்கள் பார்த்து முடித்து, தலையை நிமிர்த்தி, உங்கள் முகத்துக்கு வருவார்கள். வந்த பிறகு சொல்லுங்கள். அவர்கள் நிமிரும்வரை ஒரு விரல்கூட அசையக் கூடாது. உங்களுக்கு அந்த நேரம் யுகமாக இருக்கும். இருக்கட்டும்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பரீட்சைக்கு முன்னால் நடைபாதையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதீர்கள். முகம் கழுவுவதுபோல் நடித்தீர்கள். நான் பார்த்துவிட்டேன். பாவம் என்று தலையை ஆட்டிவிட்டேன். இரக்கப்பட்டது தப்பா?

ஆனால் எனக்குப் புரிந்தது, அது வேறு விஷயம். எவ்வளவு மோசமாகச் சொன்னாலும் எனக்குப் புரிந்துவிடும். அது என் சாமர்த்தியம். அவர்களிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

சிமிட்டி

*

ஆகஸ்ட் 9

சிமிட்டி,

கோபத்தில் உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

என்மேல் இரக்கப்பட்டாயாம். உன்னுடைய இரக்கத்தால் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, இந்த ஏழு பேருக்கு ஆறு வாரம் போனது. அன்று நீ தலையை ஆட்டாமல் இருந்திருந்தால் நான் இன்னொரு முறை அழுதிருப்பேன். அவ்வளவுதானே? அழுதால் செத்தா போயிருப்பேன்?

இதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். முதல் நாள் என் கையை நானே கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் வரியைப் பார்க்கும்போது என் விரல்கள் தாமாகக் கிளம்புகின்றன. இரண்டாம் நாள் ஒரு பையன் நிமிர்ந்தான். ‘மழை’ என்று நான் சொன்னதும் குனிந்து, அந்த ஆங்கிலச் சொல்மேல் விரலை வைத்தான். நான் காட்டவில்லை, அவனே வைத்தான். மூன்றாம் நாள் நாலு பேர். நாலாம் நாள் சட்டைப்பை ஒரு கையை வெளியே எடுத்தாள்.

"அவர் ஏன் பஸ் பின்னாடி ஓடல?" என்று கேட்டாள்.

"பாடத்துல அது இல்லையே" என்றேன்.

"இல்லேன்னா நீங்க சொல்லுங்க" என்றாள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் முழித்ததே இல்லை.

ஆனால் நாலு நாளில் முடிந்தது இரண்டு வரி. ஆறு வரியையும் முடித்துத் தனியாகப் படிக்க அவர்களுக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும். படிவத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. கால அவகாசம் கேட்டு, உன் பள்ளிக்கும் இதற்கும் பொதுவான தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இரண்டே வரி: மாதிரி மாணவனும் செவித்திறன் இல்லாதவனே. அவனுக்கு இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது.

என்னிடம் மறுக்க ஒன்றும் இல்லை. நீ எழுதியதை நினைத்துப் பார்த்தேன். என் கை பாதிதான் உனக்குத் தெரிந்தது, புத்தகமும் பாதிதான் தெரிந்தது. அப்படியும் முழுக் கதையையும் திருப்பிச் சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் என் கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பெரிய டீச்சரும் குனிந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் சொன்னாய், படத்தில் இருக்கிறது.

எப்படிடா படித்தாய்? அதைச் சொல்லு. அதில் ஏதாவது வழி இருந்தால் இவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். வழி இல்லை, உன் மண்டை அப்படி என்றால் அதையும் சொல்லு. பேனாவை எடுத்துவிடுகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 13

அக்கா,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

அந்தப் பாடத்துக்கு மேலே ஒரு படம் இருக்கிறது. மழை, ஒரு மனிதர், ஒரு பஸ், அதன் ஜன்னலில் குடை. படிக்கட்டில் நின்று கண்டக்டர் கையை நீட்டுகிறார். நான் பார்த்தது அவ்வளவுதான். கண்டக்டர் இறங்கி ஓடிவந்து குடையைக் கொடுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள் என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன். நன்றாக நடித்தும் காட்டினேன். நேற்று எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணிடம் அந்த ஆறு வரியைக் கொடுத்து, கதை என்ன என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார் என்றாள். கண்டக்டர் அதில் இல்லவே இல்லையாம். குடையும் திரும்பி வரவில்லையாம்.

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது அக்கா.

கொஞ்சம் வரும் என்று எழுத ஆசை. வராது. கதவில் இருக்கிற ‘தள்ளு’ தெரியும், ‘இழு’ தெரியும். அதிலும் சில நாள் இழுக்க வேண்டியதைத் தள்ளுகிறேன். என் பெயரை எழுதுவேன். கேள்வித்தாளில் கேள்வியையே திருப்பி எழுதி, நடுவில் இரண்டு சொல்லை இடம் மாற்றி வைப்பேன். கையெழுத்து நன்றாக இருப்பதால் பாதி மதிப்பெண் கிடைத்துவிடும்.

நான் இங்கே வந்தபோது எட்டு வயது. என் வயதுப் பிள்ளைகள் அதற்குள் மூன்று வருடம் ஆங்கிலம் படித்திருந்தார்கள். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் நான் தமிழில் வாயால் பேசினேன், எழுதினேன், ஜோக் அடித்தேன். "இவன் கெட்டிக்காரன், தானே பிடிச்சுக்குவான்" என்று சொல்லி நேரே அவர்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். முதல் நாள் ஒரு டீச்சர் புரிந்ததா என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். ஒரு முறை ஆட்டினால் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அது இன்னும் புரியாது. அதற்கும் ஆட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஒரு வகுப்பு மேலே போய், ஒன்பதாவதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இறங்கப் படிக்கட்டு இல்லை. இப்போது சொன்னால் மூன்றாம் வகுப்பில் குட்டிப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார வைப்பார்கள். அந்தப் பொடியன்கள் முன்னால் எனக்கு இருக்கிற பெயரை நினைத்துப் பாருங்கள்.

உங்கள்மேல் இரக்கப்பட்டு ஆட்டினேன் என்று எழுதியது பொய். நீங்கள் குழாயடியில் அழுததைப் பார்த்தது நிஜம். ஆனால் அன்று நான் அழுதவர்களைப் பற்றி யோசிக்கிற நிலையில் இல்லை. இல்லை என்று தலையை அசைத்தால், ‘எந்த இடம் புரியவில்லை, காட்டு’ என்று கேட்பார்கள். எந்த இடத்தைக் காட்டுவேன்? அந்தப் பயத்தில்தான் ஆட்டினேன். பத்தொன்பது பேருக்கும் அதே பயத்தில்தான். டீச்சர்களைத் தேற்றினேன் என்று பீற்றிக்கொண்டேனே, என்னைக் காப்பாற்றிக்கொண்டதற்குப் பக்கவிளைவாக அவர்கள் தேறிவிட்டார்கள். நான் மாதிரி மாணவன் இல்லை. மாணவன் மாதிரி.

ஆகவே உங்கள் ஏழு பேரை அளக்கிற அளவுகோலில் கோடே போடவில்லை. நாலு நாளில் இரண்டு வரி படித்தவர்கள், ஆறு வருடத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவனைவிட மந்தம் என்று எந்தப் படிவம் சொல்லும்? சட்டைப்பை கேட்டாளே, அவர் ஏன் பஸ் பின்னாடி ஓடவில்லை என்று. அவர் ஓடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுகூடத் தெரியவில்லை. அவளைக் கீழே அனுப்பினால் எட்டாவதாக என் பெயரையும் சேருங்கள். அட்டை மடிக்க நான் ரெடி.

இந்தக் கடிதத்தைப் படிவத்தோடு பின் குத்தி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நம்பவில்லை என்றால் படத்தில் இருபத்தோராவது நிமிடத்தைப் பாடத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத கண்டக்டர் ஓடிவருவார்.

இதற்கு மேலே, ‘பெரிய டீச்சரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆகவே எனக்குப் பயம் இல்லை’ என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். சொல்லவில்லை. இரண்டு முறை அவர் அறைக் கதவுவரை போனேன். முதல் முறை தண்ணீர் குடிக்க வந்ததுபோல் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அவரே நிமிர்ந்து என்ன என்று கேட்டார். முக்காலி மெத்தை ரொம்ப சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கடிதத்தின் கீழே உங்கள் கையெழுத்தில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். இது போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். முன்னால் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி, இதைப் படித்துவிட்டாயா, எல்லாம் சரிதானா என்று கேட்பார்கள். எனக்கு என்னைத் தெரியும். நான் தலையாட்டிவிடுவேன். அதை நம்ப வேண்டாம் என்று எழுதுங்கள்.

சிமிட்டி